இடது பக்கத்துப் பள்ளம்

என் மாமனார் கூலிம் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். கணக்குப் புத்தகம் கையில் இருந்த காலம் முழுக்க வாயில் வெற்றிலையும் இருந்தது. ஓய்வு பெற்று எங்களோடு வந்து தங்கிய கையோடு மேல்வரிசைப் பற்களும் விடைபெற்றுக்கொண்டன. அலோர்ஸ்டார் பக்கம் மெர்கோங்கில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தவருக்குப் பல் கட்டுவதுதான் தொழில். அவரிடமே சொல்லி ஏற்பாடு செய்தேன். முத்துக் கோத்த மாதிரி இருக்க வேண்டும் என்று மாமனார் கேட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர், மாமனார் சிரித்துக்கொண்டிருக்கும் பழைய போட்டோ ஒன்றை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

பல்செட்டு வந்தபோது முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே பழைய சந்து அப்படியே இருந்தது. ஓரத்துப் பல் ஒன்று பழையபடி சற்றுத் திரும்பி நின்றது. வேர்ப் பக்கத்தில் வெற்றிலைக் கறைகூட லேசாக இருந்தது. பல் போனதிலிருந்து வீட்டைவிட்டு வெளியே வராமல் இருந்த மாமனார், அதை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்ப் பழைய ஆட்களிடமெல்லாம் சிரித்துக் காட்டினார். ஒருவரும் எதுவும் கேட்கவில்லையாம். கடைசியில் ஆட்களை மேய்க்கிற மண்டோர் ஒருவர் மட்டும், "என்னா கிராணி, பல்லு கட்டப் போறதா சொன்னாங்களே, எப்பக் கட்டப் போறீங்க?" என்று கேட்டிருக்கிறார். மாமனார் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் நேராகப் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்று சண்டை பிடித்தார். செலவழித்துக் கட்டிய பல் ஒருத்தன் கண்ணிலும் படவில்லை என்பது அவருடைய வயிற்றெரிச்சல். பக்கத்து வீட்டுக்காரருக்கோ அன்றைக்கு முகமெல்லாம் பூரிப்பு. தன் வேலைக்கு அதைவிடப் பெரிய பாராட்டை அவர் அதுவரை கேட்டதில்லை.

எங்கள் வீட்டு வரிசையில் எல்லோரும் அவரைப் பல்லுக்காரர் என்றுதான் சொல்வோம். நேரில் எனக்கு அவர் அண்ணன், அவர் மனைவி அக்கா. கத்தோலிக்கக் குடும்பம், ஸ்டெல்லா என்று ஒரே மகள். அலோர்ஸ்டார் டவுனில் ஒரு சீனப் பல் டாக்டர் கடையின் பின்னறையில் அவருக்கு வேலை. அவருடைய சட்டைக் கையில் எப்போதும் ஈறு நிறத்தில் ஒரு தூள் ஒட்டிக்கொண்டிருக்கும். நான் புதுச் சேலை கட்டிக்கொண்டு போய் நின்றால், அக்கா நன்றாக இருக்கிறது என்பார். அண்ணன் ஒரு முறை பார்த்துவிட்டு, "ஓரத்துல நூல் பிரிஞ்சிருக்கு" என்பார். நூல் பிரிந்துதான் இருக்கும். சனிக்கிழமை மாலை கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போகிறவர்கள் அவருக்கு முன்னால் இடம் பிடிக்க ஓடுவார்களாம். செய்த பாவத்தை அவ்வளவு விவரமாகச் சொல்லக்கூடியவர் அந்தப் பங்கிலேயே வேறு யாரும் இல்லை என்று அக்காவே தலையில் அடித்துக்கொள்வார்.

பல் அவருக்குச் சோறு போட்டது. உயிர் முழுக்க டீசல் ரயிலில் இருந்தது. நிஜ ரயிலை அப்படியே சுருக்கி ஒரு சாண் நீளத்துக்குச் செய்வார். மோட்டாரும் சக்கரமும் வெளிநாட்டிலிருந்து பொட்டலமாக வரும். நான் தபாலாபீஸ் கவுண்டரில் இருந்ததால் அவற்றைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பது என் பொறுப்பு. உடம்பு முழுவதையும் அவரே செய்துவிடுவார், அதுவும் கடையில் மிஞ்சுகிற பல்செட்டுச் சரக்கை வைத்து. பல்லுக்குக் கொக்கி போடும் கம்பி, ரயிலில் ஏறுகிறவன் பிடிக்கும் கைப்பிடியாகும். பல் ராவும் சின்ன மிஷின், கூரையில் இருக்கும் காற்றுச் சல்லடையைக் குடையும். பெயிண்ட் அடிக்கும்வரை எல்லா ரயிலும் ஈறு நிறத்தில் அலமாரியில் வரிசையாக நிற்கும். நாங்கள் குடிவந்த புதிதில் என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதெல்லாம் யாருக்குக் கட்டுற பல்லு?" என்று கேட்டுவிட்டார். அண்ணன் ஒரு வாரம் அவரோடு சரியாகப் பேசவில்லை.

முன்கூடத்தில் சோபாவைச் சுற்றிப் பலகை போட்டுத் தண்டவாளம் ஓடியது. வீட்டுக்கு வருகிறவர்கள் ரயில் வரும் நேரம் பார்த்துக் காலைத் தூக்கிக்கொள்ள வேண்டும். பங்குச் சாமியார் வந்தபோது அவரும் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் கோப்பி குடித்தார்.

கருஞ்சிவப்பு உடம்பும் மஞ்சள் பட்டையுமாகப் பளபளவென்று பெயிண்ட் அடித்து முடித்தால் எனக்கெல்லாம் அதோடு வேலை முடிந்தது. அவருக்கு அங்கேதான் ஆரம்பம். புகைக்கரி, சக்கரத்து எண்ணெய்ப் பிசுக்கு, அடிவயிற்றுச் செம்மண் புழுதி என்று ஒவ்வொன்றாகப் பூசுவார். நிஜ வண்டியில் ஒரு படி வளைந்திருந்தால் இதிலும் படி வளையும். ஒரு தடவை ஈஸ்டருக்கு வீட்டைச் சுத்தம் செய்த அக்கா, போகிற போக்கில் ஒரு ரயிலையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து வைத்துவிட்டார். அண்ணன் வந்து பார்த்தார். எழவு வீட்டில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்துவிட்டாராம்.

வேலியோரம் நின்று அக்கா என்னிடம் பொரிந்து தள்ளினார். "வீட்டு ஒட்டடைய அடின்னா கை வலிக்குது. ரயிலுக்கு மட்டும் பொழுதன்னிக்கும் அழுக்குப் பூசறாரு. அதத் தொடச்ச நான் பாவியாம். சொல்லுலா, எங்கயாச்சும் உண்டா இந்த அநியாயம்?"

எங்கும் கிடையாது என்று நான் சொன்னேன். அக்கா பக்கம்தான் நியாயம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

பினாங்கிலிருந்து ஒரு டாக்டர் வருவார். வீட்டில் ஒரு அறை முழுக்க ரயில் வைத்து விளையாடுகிற பெரிய மனிதர். எல்லாம் பெட்டியோடு இறக்குமதியான சரக்கு. அண்ணனின் வேலையைப் பார்த்து அசந்துபோய், நம் ஊரில் ஓடுகிற டீசல் எஞ்சின் ஒன்றைச் செய்து தரச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை, கப்பலிலிருந்து இறக்கிய அன்றைக்கு இருந்த மாதிரி புத்தம் புதிதாக இருக்க வேண்டும். அந்த வண்டி கப்பலில் வந்து இறங்கிய காலத்தில் தான் டவுனுக்கே வராமல் ஒரு தோட்டத்தில் இருந்ததாகவும், பார்க்காத ஒன்றைத் தன்னால் செய்ய முடியாது என்றும் அண்ணன் சொல்லிவிட்டார். டாக்டர் கோபித்துக்கொண்டு காரில் ஏறினார். மூன்று மாதம் கழித்துத் தானே திரும்பி வந்து அழுக்கு ரயிலை வாங்கிக்கொண்டு போனார். அதை அவர் வீட்டு வேலைக்காரி முதல் வாரமே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம். நானும் அக்காவும் அந்தச் செய்தியை அண்ணனிடம் சொல்லாமல் எங்களுக்குள் சிரித்துத் தீர்த்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அண்ணன் ரயில் நிலையத்துக்குப் போய்விடுவார். கையில் ஒரு ஃபிளாஸ்க் இருக்கும். கோப்பி என்றுதான் எல்லோரும் நினைப்போம். உள்ளே வெந்நீர். பல்லுக்கு அச்செடுக்கும் மெழுகை அதில் போட்டு இளக்கி, நிற்கிற வண்டியின் ஆணித்தலையிலும் கதவிடுக்கிலும் வைத்து அழுத்தி அச்செடுப்பார். வெள்ளைச் சட்டையும் ஜெபமாலையுமாக ஒரு ஆள் எஞ்சினின் மூஞ்சியில் மெழுகை அப்பிக்கொண்டு நிற்பதைப் பார்த்த மலாய்க்காரக் காவலாளி, ரயிலுக்குப் பல்வலியா என்று கேட்டிருக்கிறார். அண்ணன் அதற்கும் நிதானமாக, இல்லை, நான் அளவுதான் எடுக்கிறேன் என்று பதில் சொல்லியிருக்கிறார்.

இப்படிப்பட்டவர் வீட்டில் ஒரு கல்யாணப் பேச்சு வந்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. மாப்பிள்ளை சுங்கை பட்டாணியில் ஆசிரியர். கோயில் பாட்டுக் குழுவில் பழக்கமான பையன், ஸ்டெல்லாவுக்கு அவனை ரொம்பப் பிடித்திருந்தது. பையனின் அப்பா யார் என்று தெரிந்ததும் அக்கா மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார். அவர் டீசல் எஞ்சின் டிரைவர். ரயில் பைத்தியத்துக்கு ரயில்காரரே சம்பந்தியாக வாய்த்துவிட்டார் என்று வரிசையே பேசிக்கொண்டது.

சம்பந்தி நல்ல உயரம், நல்ல குரல். சாப்பிட உட்கார்ந்தால் சிலுவை போட்டுக்கொள்வதற்கு அடுத்தபடியாக ஒரு வாக்கியம் சொல்வார். "இத்தன வருசத்துல என் வண்டில ஒரு கீறல் கிடையாது." வந்த முதல் நாளே அதை மூன்று தடவை சொன்னார். ஓய்வு பெற இன்னும் சில மாதங்களே இருந்தன. விபத்தே இல்லாமல் ஓட்டியதற்காக அவருக்கு ஒரு பாராட்டுக் கேடயம் கொடுக்கப் போவதாகவும் பேச்சு இருந்தது. போகும்போது அவர் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆசையைச் சொன்னார். தான் அதிகம் ஓட்டுகிற அந்த ஒரு வண்டியைச் சின்னதாகச் செய்து நிச்சயதார்த்தத்தன்று கொடுக்க வேண்டும். ரயில்வே நண்பர்கள் எல்லோரும் வருவார்கள், அவர்கள் பார்க்க வேண்டும். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. பொண்ணையும் கேட்டு ரயிலையும் கேட்கிற சம்பந்தி யாருக்குக் கிடைப்பார்?

நாலு மாதம் வேலை நடந்தது. நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் மத்தியானம் அக்கா என்னை வேலி வழியாகக் கூப்பிட்டார். குரல் சரியில்லை. போய்ப் பார்த்தேன். மேசையில் ரயில் நின்றது. அண்ணன் செய்ததிலேயே அதுதான் சிறந்தது, சந்தேகமே இல்லை. முன்பக்கம், இடது ஓரத்தில், ஒரு உளுந்து அளவுக்கு உள்வாங்கி இருந்தது. அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் கொஞ்சம் புதிதாகத் தெரிந்தது.

நிஜ வண்டியில் அப்படித்தான் இருக்கிறது என்றார் அண்ணன். யாரோ பள்ளத்தின் மேல் பெயிண்ட் அடித்து மறைத்திருக்கிறார்கள், அந்தப் பெயிண்டையும் சேர்த்தே செய்திருக்கிறேன் என்றார்.

நான் நல்ல வார்த்தையாகத்தான் ஆரம்பித்தேன். "அண்ணே, அந்த மனுசன் ஒரு கீறல் இல்லன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு."

"இது கீறல் இல்ல, தங்கச்சி. பள்ளம்."

அக்கா அழுதார். அதை அடைத்துத் தொலைக்கச் சொல்லிக் கெஞ்சினார். ஸ்டெல்லா கதவோரம் நின்று, "விடும்மா, அப்பா மாத்த மாட்டாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனாள். துணி காயும் கொடிக்கடியில் நின்று அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அந்த நேரத்தில் அந்த ரயிலைத் தூக்கிச் சாக்கடையில் போடலாம் என்று எனக்குக் கை துறுதுறுத்தது.

கோயில் மண்டபத்தில் நிச்சயதார்த்தம் நடந்தது. பெட்டியைத் திறந்ததும் ரயில்வேக்காரர்கள் மொய்த்துக்கொண்டார்கள். சம்பந்தி ரயிலைக் கையில் வாங்கினார். சிரித்துக்கொண்டே திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடது பக்கம் வந்ததும் சிரிப்பு நின்றது. அடுத்த நொடி அவருடைய கட்டைவிரல் அந்தப் பள்ளத்தின் மேல் போய் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு அந்த ரயிலை அவர் ஒருவர் கையிலும் கொடுக்கவில்லை. அன்றைக்கு எடுத்த போட்டோ அத்தனையிலும், பூங்கொத்தைப் பிடித்திருக்கும் பெண்ணுக்குப் பக்கத்தில், ரயிலைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு அவர் நிற்பதை இன்றும் பார்க்கலாம்.

கூட்டம் கலைந்ததும் அண்ணனை மண்டபத்துக்கு வெளியே மரத்தடிக்குக் கூட்டிப்போனார். நான் அங்கே நாற்காலி மடக்கிக்கொண்டிருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது.

"யாரு சொன்னா உங்களுக்கு?"

"யாரும் சொல்லல. பார்த்தேன்."

"இத அடச்சுக் குடுங்க. என் கூட வேல செய்றவங்க வீட்டுக்கு வருவாங்க, போவாங்க. இல்லன்னா இந்தப் பேச்ச இதோட விட்ருவோம்."

மண்டபத்துக்குள் ஸ்டெல்லா மாலையைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பது அங்கிருந்து தெரிந்தது. அண்ணன் அவளைப் பார்த்தார். சரி, மனிதர் இறங்கி வந்துவிட்டார் என்று நான் நாற்காலியைக் கீழே வைத்தேன்.

"அடச்சிடறேன் சம்பந்தி," என்றார். "மொதல்ல நீங்க வண்டில அடைங்க. நான் வந்து பார்த்துட்டு இதுலயும் அடச்சிடறேன்."

சம்பந்தி ரயிலை அவர் கையில் திணித்துவிட்டு, குடும்பத்தோடு காரில் ஏறிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டை வீடு என்று சொல்ல முடியாது. அக்கா சமைத்தார், தட்டை மேசையில் மோதி வைத்தார். ஸ்டெல்லா இளைத்துக்கொண்டே போனாள். சுங்கை பட்டாணியிலிருந்து ஒரு தகவலும் இல்லை. எனக்கு வாய் சும்மா இருக்காது. ஒரு நாள் அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பிடித்துக்கொண்டேன். உங்கள் கொள்கைக்குப் பெற்ற பொண்ணைப் பலி கொடுக்கிறீர்களே, உளுந்து அளவு அடைத்தால் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. உள்ளே போய் ரயிலை எடுத்துவந்து காட்டினார். பள்ளம் இருந்த இடத்தில் பெயிண்ட் இல்லை, ஈறு நிறம் தெரிந்தது. "ரெண்டு தடவ அடச்சேன், தங்கச்சி. ரெண்டு தடவயும் என் கையே தோண்டிருச்சு. அடச்சா இது அந்த வண்டி இல்ல. நான் என்ன செய்ய?" அவர் வாசல்படியில் உட்கார்ந்து அந்த இடத்தை நகத்தால் தடவினார். அதற்கு மேல் என்னால் அவரைத் திட்ட முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை சம்பந்தி பஸ் பிடித்துத் தனியாக வந்தார். வாசலுக்குள் வரவில்லை. கேட்டருகே நின்றபடி, வந்து பாருங்கள் என்றார். இருவரும் அண்ணனின் மோட்டார் சைக்கிளிலேயே ரயில் நிலையத்துக்குப் போனார்கள். ரயில்வே அலுவலகத்தில் சம்பந்தி தானாகவே போய், பள்ளம் விழுந்ததையும் தான் அதை மறைத்ததையும் சொல்லியிருக்கிறார். தகரத்தைத் தட்டி நிமிர்த்தி ஒழுங்காகப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். அவருக்குக் கண்டிப்பு கிடைத்தது, கேடயம் கிடைக்கவில்லை. அண்ணன் ஃபிளாஸ்க்கும் மெழுகுமாகப் போய் அந்த இடத்தில் அச்செடுத்துக்கொண்டு வந்து, அன்று சாயங்காலமே ரயிலில் பள்ளத்தை அடைத்தார். உற்றுப் பார்த்தால் சுத்தியல் தட்டிய தடம் தெரியும். அதையும் விட்டுவிடவில்லை.

ஏன் போய்ச் சொன்னீர்கள் என்று அக்கா சம்பந்தியிடம் கேட்டார். "முன்ன எல்லாம் தெரியலம்மா. இவரு செஞ்சதப் பார்த்ததுல இருந்து, வண்டில ஏற ஏற கண்ணு அங்கயே போகுது" என்றார் அவர். அண்ணன் கர்த்தரிடம் போய்ச் சேர்ந்து இப்போது பல வருடங்கள் ஆகின்றன. ஒரு மனிதர் ஆயுள் முழுக்க எதிர்பார்த்த கேடயத்தை ஒரு பொம்மை ரயில் பிடுங்கிக்கொண்டது சரிதானா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. அண்ணன் மேல் எனக்குப் பாதிக் கோபம் இன்னும் மிச்சம் இருக்கிறது.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. பூசை முடிந்து மண்டபத்தில் பிரியாணி பரிமாறினார்கள். கேக் வைத்த மேசையில் ரயிலும் நின்றது. சம்பந்தி மைக்கைப் பிடித்தார். எல்லோருக்கும் நன்றி சொன்னார், மருமகளைப் புகழ்ந்தார். பிறகு பழக்கதோஷத்தில் வாய் தானாகவே அந்த வாக்கியத்தை எடுத்தது.

"இத்தன வருசத்துல என் வண்டில ஒரு கீறல்..."

நிறுத்திவிட்டார். மண்டபத்தில் இருந்த ரயில்வேக்காரர்கள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். சம்பந்தி மேசைமேல் இருந்த ரயிலைப் பார்த்தார்.

"ஒரே ஒரு தடவ," என்றார். "பெண்டாங் பக்கம், வயக்காட்டுக்கு நடுவுல ஒரு எருமை. நான் ஃபிளாஸ்க்கத் தொறந்துக்கிட்டு இருந்தேன். ஆரன் அடிக்கல. அந்தத் தடவ மட்டுந்தான்."

யாரோ கைதட்டினார்கள். பிறகு மண்டபமே தட்டியது. அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அத்தனை வருட ஓட்டத்தையும் ஒரு எருமையையும் சேர்த்துச் சொல்லிவிட்டு நின்ற அந்த மனிதரை எனக்கு அன்றைக்குத்தான் பிடித்தது.

கைதட்டல் ஓய்ந்ததும் முன்வரிசையில் இருந்து அண்ணனின் குரல் வந்தது. சத்தமாகச் சொல்லவில்லை, வாயில் பிரியாணி வேறு இருந்தது.

"ரெண்டு, சம்பந்தி. வலது பக்கம் கீழ்ப்படி வளஞ்சிருக்கு."

அக்கா அவர் தொடையில் ஓங்கி ஒரு அடி வைத்தார். மணமேடையில் ஸ்டெல்லா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சம்பந்தி மைக்கைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். மேசையைச் சுற்றிக்கொண்டு ரயிலின் வலது பக்கம் வந்து, குனிந்து, நேரம் எடுத்துப் பார்த்தார். பிறகு மைக்கை மறுபடியும் எடுத்தார்.

"ஆமா, ரெண்டு," என்றார். "நீங்க சாப்பிடுங்க, சொல்றேன்."

அண்ணன் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கவளத்தை எடுத்தார்.